பாதிச் சட்டத்துக்குப் பொன்னாடை இல்லை

பொன்னாடை வரப்போகிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாசலிலேயே பறித்து என் கைப்பைக்குள் திணித்திருப்பேன்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு தொழிலாளர் உரிமை நிலையத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். சம்பளம் தராமல் இழுத்தடிக்கிற முதலாளி, காரணம் சொல்லாமல் ஆளை நிற்பாட்டுகிற மனேஜர், இவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் எங்கள் அன்றாட வேலை. ஆனால் சில பிரச்சினைகளுக்கு மல்லுக்கட்ட ஆளே இருக்காது. சட்டத்தை மாற்றினால்தான் தீரும். அதற்கு மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் போக வேண்டும். இங்கே அவர்களை டெப்யூட்டே என்பார்கள். எனக்குப் பிறகு நிலையத்தில் சேர்ந்திருக்கிறவர்கள், "பத்மாக்கா, டெப்யூட்டேமாரிட்ட எப்பிடிப் போறது, என்ன கதைக்கிறது எண்டு எழுதித் தாங்கோவன்" என்று நச்சரிக்கிறார்கள். எப்படிப் போகக் கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

1. றோல்ஸ் நல்லாயிருந்தது

அன்றைக்குப் போனது நான்கு பேர். எங்கள் இயக்குநர் மொனிக். கியூபெக்கில் பிறந்து வளர்ந்த பெண்மணி, கோபம் வந்தால் ஒன்றும் பேசாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அடுத்தது ஜெசிந்தா. மன்னாரிலிருந்து வந்தவள், கர்க்லாண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்துகிற வேலை. மூன்றாவது கனகரத்தினம் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே தமிழ் மூத்தோர் சங்கத் தலைவர், மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதுபோலவே கதைப்பவர். நாலாவது நான்.

தொழிலாளர் சட்டத்தில் ஒரு திருத்தம் வரவிருந்தது. அதில் ஏஜென்சி வேலையாட்களைப் பற்றி ஒரு பந்தி சேர்க்கச் சொல்லி எங்கள் தொகுதி டெப்யூட்டே அம்மாவிடம் கேட்க வேண்டும். தந்தது இருபது நிமிடம். மொனிக் அறிமுகம் செய்வார், ஜெசிந்தா தன் கதையைச் சொல்வாள், நான் கோரிக்கையை வைப்பேன். மாஸ்டர் சமூகத்தின் சார்பில் பக்கத்தில் இருந்தால் போதும். திட்டம் அவ்வளவுதான்.

உள்ளே போய் "போன்ஜூர்" சொல்லி வாய் மூடவில்லை, மாஸ்டர் தன் பையைத் திறந்தார். சரிகை போட்ட பொன்னாடை. எழுந்து நின்று தொண்டையைச் செருமி, "மாண்புமிகு அம்மையார் அவர்களே" என்று தொடங்கினார். அம்மையாரின் தாயுள்ளம், கனடா மண்ணின் ஈகை, பனியிலும் எங்களை அணைத்த கைகள், ஒன்றையும் விடவில்லை. அவ்வளவையும் நான் பிரெஞ்சில் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு போர்த்தினார். டெப்யூட்டே அம்மா பூரித்துப்போனார். அதோடு முடிந்ததா? ஜெசிந்தாவின் பையிலிருந்து ஒரு தட்டு நிறைய, சுருட்டிப் பொரித்த றோல்ஸ் வெளியே வந்தது.

"இதை நீங்களா செய்தீர்கள்? என்ன அருமை! உங்கள் வாழ்க்கை இங்கே எப்படிப் போகிறது? வேலை எல்லாம் எப்படி?" என்று டெப்யூட்டே அம்மா அவளிடம் கேட்டார்.

தானாக வந்து விழுந்த கேள்வி. நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். ஜெசிந்தா முகமெல்லாம் சிரிப்பாக, "நல்ல சுகம் மடம், எல்லாம் நல்லாப் போகுது, மெர்சி, மெர்சி" என்றாள்.

செக்ரட்டரி கதவைத் தட்டினார். நேரம் முடிந்தது. எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்தோம்.

அவளை நொந்து பயனில்லை. எங்கள் ஆட்களுக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எப்படி என்று கேட்டால் சுகம் என்பதைத் தவிர வேறு பதில் வாயில் வராது. அதிகாரிக்கு முன்னால் குறை சொன்னால் வம்பு வரும் என்று ஊரில் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோர் வாசலில் பழகிய உடம்பு. கடல் கடந்து, அகதி வழக்கு முடிந்து, குடியுரிமையும் எடுத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஷெர்புரூக் வீதி நடைபாதையில் வைத்து மாஸ்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"மாஸ்டர், நாங்கள் கேக்க வந்ததைக் கேக்கவேயில்லை."

"பிள்ளை, முதல் மரியாதை. பேந்து கேக்கலாம்தானே."

"பேந்து எப்ப? அவ உங்கட சால்வையோட கியூபெக் சிற்றிக்கு, சட்டமன்றத்துக்குப் போயிடுவா."

அப்படித்தான் நடந்தது. திருத்தம் பற்றிய விவாதத்தில் டெப்யூட்டே அம்மா எழுந்து, தன் தொகுதித் தமிழர்களைத் தான் நேரில் சந்தித்ததாகவும், அவர்கள் தங்கள் வேலைகளில் மகிழ்ச்சியாக இருப்பதாகவும், ஒரு முறைப்பாடும் இல்லையென்றும் பேசினார். அலுவலகக் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மொனிக், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

2. ஆர் இனவாதி?

ஜெசிந்தாவை நான் முதன்முதலில் பார்த்த நாளைச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். வேலை முடித்து நேரே எங்கள் நிலையத்துக்கு வந்திருந்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டிருந்தாள். கையைத் தொட்டேன், கொதித்தது.

"காய்ச்சலோடயோ வேலைக்குப் போனனீ?"

"ஏஜென்சியில காய்ச்சல் எண்டு சொல்லக்கூடாது அக்கா. சட்டத்தில லீவு இருக்குத்தான். எடுத்தா அடுத்த கிழமை கூப்பிடமாட்டினம். அந்தச் சனங்களுக்குத் தொத்தாமல் இருக்கட்டும் எண்டு ரெண்டு மாஸ்க் போட்டிருக்கிறன்."

ஆண்டுக்கணக்காக ஒரே இல்லம், ஒரே மாடி, ஒரே கிழவிமார். ஆனால் அவள் அந்த இல்லத்தின் வேலையாள் இல்லை. ஒரு ஏஜென்சி அவளை அங்கே அனுப்புகிறது, நாளைக்கு அனுப்பாமலும் விடலாம். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அதே வேலை நிரந்தரமாக. இடம் காலியாகும் போதெல்லாம் கேட்டுப் பார்த்தாள். உள்ளே வேலை செய்பவர்களுக்குத்தான் முதலில் அறிவிப்போம், நீங்கள் ஏஜென்சி, அதனால் உள்ளே இல்லை என்றார்கள். சரி, வெளியாள் போல விண்ணப்பிப்போம் என்று போனால், நிரந்தர வேலையில் அனுபவம் உண்டா, ஏஜென்சி அனுபவத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்றார்கள். அங்கே போனால் வெளியாள், இங்கே போனால் அனுபவமில்லாத ஆள். நல்ல வேடிக்கை.

இதைத்தான் எங்கள் துறையில் கட்டமைப்பு இனவாதம் என்போம். ஜெசிந்தாவுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.

"என்னை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல அக்கா. மனேஜர் தங்கமான மனுசி. என்ர பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வந்தவ. அப்ப ஆர் இனவாதி?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப எப்பிடி இனவாதம்?"

"சரி, நான் கேக்கிறதுக்குச் சொல்லு. அங்க நிரந்தரமா இருக்கிறது ஆர்?"

யோசித்தாள். "சில்வி, லின்டா, கரொலின். எல்லாம் வெள்ளை ஆக்கள்தான்."

"ஏஜென்சியில வாறது?"

"நான், ஹெயிட்டி ஆக்கள் ரெண்டு பேர், பிலிப்பைன்ஸ் பிள்ளை ஒண்டு, கொங்கோ அண்ணை..." பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஒருத்தரும் ஒருத்தரையும் திட்டேல்ல," என்றேன். "பிறகேன் எல்லாரும் அந்தப் பக்கம் ஒரு நிறம், இந்தப் பக்கம் ஒரு நிறம்?"

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் என் மேல்தான். "இதை ஏன் அக்கா எனக்குச் சொன்னனீங்கள்? இனி நாளைக்கு அங்க போய் அந்த மனுசியின்ர முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?" என்றாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

3. மாஸ்டர் டெப்யூட்டே ஆகிறார்

பொன்னாடைக் கூத்துக்குப் பிறகு எங்களுக்கு ஒரு வாய்ப்பு மிச்சமிருந்தது. திருத்தத்தைப் பரிசீலிக்கிற சட்டமன்றக் குழு பொதுமக்களிடமும் கருத்துக் கேட்கும். அதற்குக் கொடுக்கும் எழுத்து மனுவை மெமுவார் என்பார்கள். மொனிக் அதை எழுதினார், கட்டமைப்பு இனவாதம் என்ற சொல் அதில் இருந்தது. அமைச்சர் அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் மிகவும் மரியாதையாகத் தொலைபேசி எடுத்தார். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் எல்லாருக்கும் கதைக்கச் சுகமாக இருக்கும் என்றார்.

"எங்களுக்கு அதில்லாமல் கதைக்கச் சுகமில்லை," என்று மொனிக் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அந்தச் சொல் இருக்கலாமா என்று ஜெசிந்தாவிடம் கேட்டோம். "சொல்லு கடதாசியில இருக்கட்டும். நான் என்ர வாயால நடந்ததை மட்டும் சொல்லுறன்," என்றாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

ஆனால் அவள் வாய் என்ன சொல்லும் என்பதுதான் எங்கள் பயம். ஆகவே பக்கத்துத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பயிற்சி வைத்தோம். டெப்யூட்டேயாக நடிக்க மாஸ்டர் தானாக முன்வந்தார். பொன்னாடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை, இதுதான் அவர் கேட்ட மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். மனிதர் அசல் டெப்யூட்டேயே தோற்றுப்போகும்படி நடித்தார். கடிகாரத்தைப் பார்ப்பார், பக்கத்தில் இல்லாத ஆளோடு கிசுகிசுப்பார், கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "மடம், உங்கட வேலை எப்பிடி?" என்று கேட்பார்.

"நல்ல சுகம், மெர்சி."

"பிள்ளை, நீ இன்னும் சுகமாத்தான் இருக்கிறாய். திருப்பிச் சொல்லு. வேலை எப்பிடி?"

"சுகம்... இல்லை."

"சுகமும் இல்லையும் பக்கத்தில பக்கத்தில வரவேணும். நடுவில ரீ குடிக்கப் போகக்கூடாது."

விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள். "இது டிவியில வருமோ?"

"வரும்," என்றேன். பொய் சொல்ல முடியாது.

"ஏஜென்சி பாத்தா?"

பெயர் சொல்லாமல் மொனிக்கே வாசித்துவிடலாம் என்று மாற்று வழி சொன்னேன். ஜெசிந்தா கோட்டைப் போட்டுக்கொண்டே, "யோசிச்சுச் சொல்லுறன்," என்று போனாள். ஞாயிறு பூசை முடிந்து தொலைபேசி எடுத்தாள். "நானே வாறன் அக்கா. மொனிக் வாசிச்சா அது மொனிக்கின்ர கதை."

4. கியூபெக் சிற்றி

மொனிக்கின் காரில் போனோம். வழியெல்லாம் ஜெசிந்தா செபமாலை உருட்ட, மாஸ்டர் முன் சீற்றில் இருந்து வேகக் கட்டுப்பாட்டை வாசித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். புறப்படுமுன் அவருடைய பையை நான் திறந்து சோதித்தேன். ஒரு தண்ணீர்ப் போத்தலும் தோடம்பழமும் மட்டும்தான் இருந்தன.

மண்டபம் பெரிது. அரைவட்ட மேசை, தடித்த கம்பளம், எங்கள் பக்கம் திரும்பிய கமரா. குழுவில் எங்கள் டெப்யூட்டே அம்மாவும் இருந்தார், என்னைக் கண்டதும் கையசைத்தார். தலைவர் நரைத்த தலையுள்ள நெடிய மனிதர். எங்களை வரவேற்று, ஜெசிந்தாவுக்குத் தனியாக வணக்கம் சொன்னார்.

ஜெசிந்தாவின் பிரெஞ்சு, பள்ளிக்கூடத்தில் படித்தது அல்ல, அந்த இல்லத்துக் கிழவன் கிழவிமாரிடம் பொறுக்கியது. வயதான ஆண்களை எப்படிக் கூப்பிடுவாளோ அப்படியே தலைவரையும், "மெர்சி, மோன் போ," என்றாள். அதாவது, நன்றி, என்ர வடிவான ராசா. மண்டபமே சிரித்தது. தலைவருக்குக் காது சிவந்துபோயிற்று. நான் தலையில் கை வைத்தேன். ஆனால் அதுவரை தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள்.

மனுவை மொனிக் விளக்கி முடித்ததும் ஒரு டெப்யூட்டே கேட்டார். ஆளும் கட்சிக்காரர், நல்ல தொனியில்தான் கேட்டார்.

"மடம், உங்கள் வேலையில் நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?"

"ஓம்," என்றாள் ஜெசிந்தா. "சரியான சந்தோசம்."

போச்சு! இவ்வளவு பயிற்சியும் நாசமாய்ப் போச்சு என்று நினைத்தேன். மாஸ்டர் பக்கத்தில் இருந்து, "சுகமில்லை எண்டு சொல்லு பிள்ளை," என்று தமிழில் முணுமுணுத்தது மைக்கில் விழுந்தது. ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பிரெஞ்சில் சொன்னதை என்னால் முடிந்தவரை அவள் தமிழிலேயே தருகிறேன்.

"காலமை நான் போனா அந்தச் சனங்கள் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுவினம். வேலையில எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வேலை என்ர இல்லை எண்டதுதான் குறை. கேக்கிற நேரமெல்லாம் ஒவ்வொரு கதவாக் காட்டினம். இல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. எல்லாரும் நல்ல மனுசர். ஆரும் ஒராள் எனக்குக் கூடாதது செய்திருந்தா அவரோட நானே சண்டை பிடிச்சிருப்பன். சண்டை பிடிக்க ஆள் இல்லை. அதாலதான் உங்களிட்ட வந்தனான்."

கேட்டவர் எழுதிக்கொண்டார். எனக்கு ஒரு மூச்சு அழுகை வந்தது, கமரா இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

வெளியே நடையில் டெப்யூட்டே அம்மா ஓடி வந்தார். "இதை ஏன் அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

"அன்றைக்கு நாங்கள் நன்றி சொல்ல வந்தவர்கள் மாதிரி வந்துவிட்டோம்," என்றேன். இனி இந்தப் பந்திக்காகத் தானே பேசுவதாக அவர் வாக்குக் கொடுத்தார். மாஸ்டர் தோடம்பழத்தை உரிப்பதில் மும்முரமாக இருந்தார்.

5. மற்றப் பாதி

அடுத்த கிழமை ஏஜென்சி கூப்பிடவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. "டிவியில நல்லா வந்தனீங்களாம்," என்று மட்டும் ஒருத்தி தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். பழிவாங்கல் என்று நாங்கள் முறைப்பாடு போட்டோம். வேலை குறைந்துவிட்டது, வேறு காரணமில்லை என்று பதில் வந்தது. ஜெசிந்தா ஒரு டெப்பனர் கடையில், பாலும் பியரும் சிகரெட்டும் விற்கிற மூலைக் கடையில், கல்லாவில் நின்றாள். மாஸ்டர் ஒவ்வொரு நாளும் அங்கே போய்த் தேவையில்லாமல் பால் வாங்கினார். அந்த மாதங்களில் எனக்கு நித்திரை சரியில்லை. நான்தானே அவளை அந்தக் கமராவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவள் என்ற நினைப்பு என்னை அரித்தது. அவள் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

சட்டம் நிறைவேறியது. டெப்யூட்டே அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றி விடாமல் தள்ளினார், எங்கள் பந்தி உள்ளே போனது. பாதிதான் போனது. ஏஜென்சி மூலம் ஓர் இடத்தில் தொடர்ந்து வேலை செய்தவரையும் உள்ளே வேலை செய்பவராகவே கணக்கெடுக்க வேண்டும், அந்த அனுபவமும் அனுபவம்தான், இது வந்தது. எந்த நிறுவனம் ஆரை எடுத்தது, ஆரை விட்டது என்று வெளியே காட்ட வேண்டும் என்ற மற்றப் பாதி வரவில்லை. மொனிக்கின் சொல்லும் எங்கேயும் இல்லை. அடுத்த முறை பார்ப்போம் என்றார்கள்.

நிலையத்தில் ரீ போட்டுக் கொண்டாடினோம். மாஸ்டர் புதுப் பொன்னாடை ஒன்றோடு வந்திருந்தார். திருந்துகிற ஆளா அவர்? "சட்டம் வந்திட்டுது, இனி டெப்யூட்டே அம்மாவுக்குப் போர்க்கலாம்தானே?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் ஜெசிந்தா அதை அவர் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"பாதிச் சட்டம்தானே மாஸ்டர். கை குடுத்தாக் காணும். இது மற்றப் பாதிக்கு இருக்கட்டும்."

இப்போதும் அது நிலையத்து அலுமாரியில், ரீ பாக்கெட்டுகளுக்கு மேல் தட்டில் இருக்கிறது. புதுப் பிள்ளைகளே, அதைத் துடைக்கிற துணி என்று எடுத்துவிடாதீர்கள். நான் படித்தது இவ்வளவுதான். நன்றி கடைசியிலும் சொல்லலாம், அது பழுதாகாது. குறையை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். நடந்ததைப் பட்டவரே சொல்லட்டும், ஆனால் கதவைத் திறந்து வெளியே வந்த பிறகு அவர் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. அதில் நாங்கள் இன்னும் கெட்டிக்காரராக இருந்திருக்க வேண்டும்.

ஜெசிந்தா அந்த இல்லத்தில் இடம் காலியானதும் விண்ணப்பித்தாள். இந்தத் தடவை அவளை உள்ளாள் என்று எடுத்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், வேலையும் கொடுத்தார்கள். கேக் வாங்கிக் கொடுத்த அதே மனேஜர்தான் கையெழுத்துப் போட்டாராம். இரண்டு பேரும் அழுதார்களாம்.

பிறகு கொஞ்ச நாள் அவளிடமிருந்து சத்தமில்லை. மாசி மாதம், வெளியே பனி கொட்டுகிற ஒரு காலையில் தொலைபேசி அடித்தது. அவள் வேலையில் நிற்கிற நேரம். ஏதோ நடந்துவிட்டது என்று பதறிப்போனேன்.

"என்னடி? எப்பிடி இருக்கிறாய்?"

"சுகமில்லை அக்கா," என்றாள். "காய்ச்சல். அங்க சொல்லிப்போட்டு வீட்டில படுத்திருக்கிறன்."

அவ்வளவு சந்தோஷமாக அதை ஒருவர் சொல்லி நான் கேட்டதேயில்லை.